புவனேந்திரன் துவக்கு வாங்கிய கதை

லண்டன் மோர்டனில் புவனேந்திரனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய மழைக்கோட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் எடுத்த கோட்டு அது. வருடம் எண்பத்தாறு. இனி வளரப் போவதில்லை என்று நன்றாகத் தெரிந்த இருபத்துநாலு வயதில், "பிறகு உதவும்" என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தார். நிறம் பழுத்த பூசணிக்காய் நிறம். இரண்டாயிரத்து ஒன்பதிலும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ரூட்டிங்கில் இருக்கிற தன் இறைச்சிக்கடையைத் திறக்கப் போவார். கோட்டும் கிழியவில்லை, அவரும் வளரவில்லை.

அவர் வாழ்க்கையில் வாங்கிய பொருள்கள் எல்லாமே அந்தக் கோட்டுக்குச் சொந்தபந்தங்கள்தான். கார் என்றால் சேறு தெரியாத நிறம். பிள்ளைக்குச் சப்பாத்து என்றால் அடுத்த வருடமும் போடக்கூடிய அளவு. சோபாவைச் சுற்றி வந்த பிளாஸ்ரிக் உறையை ஆறு வருடம் கழற்ற விடவில்லை. கோடையில் வந்த விருந்தாளிகள் எழும்பும்போது தோல் உரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். யாராவது ஒரு சாமானைக் காட்டி வடிவாக, கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், "வடிவு சோறு போடுமே?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிடுவார். கலியாணம் பேசியபோதுகூட அவருடைய தாயார் கடிதத்தில் எழுதியது, "கஷ்டம் தாங்கக்கூடிய பிள்ளை" என்றுதான். கூட வந்த படத்தைப் பார்த்தால், பெண் வடிவாகவும் இருந்தார். இரண்டும் சேர்ந்து கிடைத்தது அவருக்கு அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பெண் சிவமலர். தொண்ணூற்றோராம் ஆண்டு நோர்வேயில் வந்து இறங்கினார். இறங்கிய கிழமையே வீட்டுத் திறப்பு, அலுமாரித் திறப்பு, சைக்கிள் பூட்டின் திறப்பு எல்லாவற்றையும் ஒரு சாவி வளையத்தில் கோர்த்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மகள் பிரியந்தி ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று குடும்பம் லண்டனுக்கு மாறியபோது திறப்புகள் மாறின; வளையம் மாறவில்லை, கைப்பையும் கைமாறவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் மான் சுடுகிற ஒரு துவக்கின் வடிவில் மயங்கிப்போனார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் மயங்கினார்.

விஷயம் ஆடுகளில் தொடங்கியது. கடைக்கு ஆடு தருகிறவர் சசெக்ஸில் பண்ணை வைத்திருக்கும் டெனிஸ் என்ற வெள்ளைக்காரர். இரண்டாயிரத்து ஒன்பது மே கடைசியில் அவர் ஒரே புலம்பல். பக்கத்துக் காட்டிலிருந்து மான்கள் கூட்டம் கூட்டமாக வந்து பயிரைத் தின்கின்றனவாம். வழக்கமாகச் சுட்டுக் கட்டுப்படுத்துகிற மருமகன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டானாம். புவனேந்திரன் வாய் சும்மா கிடக்கவில்லை. நோர்வேயில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் தன்னை இழுத்துக்கொண்டு போய் வேட்டைப் பரீட்சை எழுத வைத்ததையும், ஒவ்வொரு இலையுதிர்காலமும் இரவல் துவக்கோடு மலையேறியதையும் சொன்னார். லண்டனில் அது கலியாண வீட்டில் சொல்லுகிற கதை மட்டும்தான். டெனிஸ் அதைக் கதையாக எடுக்கவில்லை. "அப்படியென்றால் நீ ஏன் வரக்கூடாது? என் நிலத்தில் சுடலாம் என்று எழுதியே தருகிறேன்," என்றார்.

பண்ணையிலிருந்து திரும்பிய வான் வண்டி லண்டனுக்குள் நுழையுமுன் புவனேந்திரன் முடிவெடுத்துவிட்டார். செய்தி அதைவிட வேகமாகக் கடைக்குள் நுழைந்தது. எங்கள் ஆட்களுக்கு ஆடு அடித்தால் பங்கு போட்டுப் பிரிப்பது பழக்கம். மானென்று கேள்விப்பட்டதும் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று கடைச்சுவர்க் கலண்டரில் பெயர்கள் ஏறத் தொடங்கின. லைசென்ஸ் இல்லை, துவக்கு இல்லை, மான் சசெக்ஸில் நிம்மதியாகப் புல் மேய்கிறது. பதினாலு பங்கு இங்கே பிரித்தாகிவிட்டது.

எதிர்த்துப் பேசியவர் விஜயரத்தினம் ஒருவர்தான். ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து பெற்றோல் நிலையம் நடத்துகிறவர், புவனேந்திரனுக்குப் பத்து வயது மூத்தவர். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாருக்கும் புத்தி சொல்வது அவருடைய இன்னொரு தொழில்.

"உனக்கென்ன விசரே?" என்றார். "ஏப்ரல் மாசம் முழுக்க, ஊரில சண்டையை நிப்பாட்டு எண்டு பாராளுமன்றத்துக்கு முன்னால நிண்டு கத்தினனாங்கள். உன்ர படம் பேப்பரிலயும் வந்தது. இப்ப போய் பொலிசிட்டை, 'ஐயா, எனக்கொரு துவக்குத் தாங்கோ' எண்டு கேக்கப்போறியே? ஒரு தமிழன் இதைக் கேக்கிற வருசமே இது?"

"மான் சுட அண்ணை."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்கு?"

"டெனிசின்ர கடிதம் இருக்கு. நோர்வே பரீட்சைப் பத்திரம் இருக்கு. ஒளிக்கிறவன்தான் பயப்பிட வேணும், நான் ஏன் பயப்பிட?"

விஜயரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டே எழும்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, "கிடைச்சால் எனக்குத் தொடைப்பக்கம் ஒரு பங்கு வை," என்றார்.

ஜூலையில் பொலிஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். சிரித்த முகம். சிவமலர் கொடுத்த வடையில் மூன்றைச் சாப்பிட்டார். மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைக்கும் வாக்வம் கிளீனருக்கும் நடுவில், சுவரோடு இறுக்கியிருந்த இரும்புப் பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. புவனேந்திரனுக்கு உள்ளூரப் பெருமை. பிறகு அந்த அம்மா சாதாரணமாகக் கேட்டார், இந்தப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கும் என்று.

புவனேந்திரன் வாயைத் திறக்குமுன் சிவமலர் கைப்பையைத் திறந்தார். வளையத்தை வெளியே எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். எல்லாம் தன்னிடம்தான், வீடு, கடை, கார், நகைப்பெட்டி, நேற்றிலிருந்து துவக்குப் பெட்டியும். பதினெட்டு வருடத்தில் ஒரு திறப்புக்கூடத் தொலைந்ததில்லை, அதனால் பொலிஸ் ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம் என்று தன் ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொன்னார்.

யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு வீட்டுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தின் கணக்கில் இதைவிட மோசமான பதில் இல்லை. அதிகாரி பேனையை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். லைசென்ஸ் யாருடைய பெயரிலோ அவர் மட்டும்தான் அந்தத் திறப்பை வைத்திருக்கலாம். அது எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் தெரியக்கூடாது.

"எனக்குத் தெரியாமல் இவர் ஒரு சாமானை ஒளிச்சு வைப்பாராமோ?" என்று சிவமலர் தமிழில் கேட்டார். "இவற்ர காலுறையே நான் எடுத்துக் குடுத்தால்தானே உண்டு!"

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். மனைவி முழுமனதோடு சம்மதிக்கிறார் என்று புவனேந்திரன் மொழிபெயர்த்தார்.

திறப்பு வளையத்திலிருந்து கழன்று அவர் கைக்கு வந்தது. தாம்பத்திய வாழ்க்கையில் திரும்பக் கொடுக்கத் தேவையில்லாமல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் திறப்பு. அதை எங்கே ஒளிப்பது என்று அவர் பட்ட பாட்டைத் தனிக் கதையாக எழுதலாம்.

போகுமுன் அதிகாரி சிவமலரைப் பார்த்து இன்னொன்று கேட்டார். இந்த வீட்டுக்குள் ஒரு துவக்கு வருவதில் உங்களுக்கு உண்மையிலே சம்மதமா? சிவமலர் வடைத் தட்டை எடுத்தார், வைத்தார். பிறகு, கணவர் ஆசைப்படுகிறார், சரி. ஆனால் வீட்டுக்குள் வருமுன் அதைத் தான் ஒருமுறை பார்க்க வேண்டும், பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்றார். நியாயமான பேச்சு என்று அதிகாரி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதிகாரி போன பிறகு சிவமலர் அதையே தமிழில் இன்னொருமுறை சொன்னார். "விளங்கிச்சுதே? எனக்குப் பிடிக்கேல்லை எண்டால் வராது."

"ஓம்," என்றார் புவனேந்திரன். வேறு என்ன சொல்ல ஏலும்?

ஆகஸ்ட் கடைசியில் லைசென்ஸ் வந்தது. அடுத்த நாளே விஜயரத்தினத்தையும் ஏற்றிக்கொண்டு சசெக்ஸில் டெனிஸ் சொன்ன துவக்குக் கடைக்குப் போனார். ஒரு சின்ன ஊரின் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கடை. உள்ளே நாய் மணமும் எண்ணெய் மணமும். சுவரில் ஒரு நரித்தலை, வந்தவர்களை எல்லாம் கடன்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைக்காரக் கிழவர் இரண்டு துவக்குகளை மேசையில் எடுத்து வைத்தார்.

முதலாவது கறுப்புப் பிளாஸ்ரிக் உடம்பும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் குழலுமாக இருந்தது. மழை, பனி, சேறு எதுவும் இதை ஒன்றும் செய்யாது என்றார் கிழவர். ஆற்றில் விழுந்தாலும் எடுத்து உதறிவிட்டுச் சுடலாம். புவனேந்திரனின் நாற்பத்தேழு வருட வாழ்க்கையையும் தெரிந்துவைத்துக்கொண்டு அவருக்கென்றே செய்த சாமான் போல இருந்தது.

மற்றது வால்நட் மரம். தோளில் அணைக்கிற அந்தப் பகுதியை எங்கள் ஊரில் சோங்கு என்பார்கள். அந்தச் சோங்கு முழுவதும் தேன்நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் ரேகைகள் வளைந்து வளைந்து ஓடின. குழல் நீலம் ஓடிய கறுப்பு. கிழவர் அதைத் தூக்கிக் கையில் கொடுத்தார். கன்னம் மரத்தில் பட்டது. நோர்வேயில் அவர் தூக்கித் திரிந்ததெல்லாம் கீறல் விழுந்த இரவல் துவக்குகள். இது வேறு.

"வடிவு," என்றார் புவனேந்திரன்.

விஜயரத்தினம் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல்லை அந்த வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை.

கிழவர் நேர்மையான வியாபாரி. மரத்தின் குறைகளையும் சொன்னார். மழையில் நனைந்தால் மரம் ஊதும், ஊதினால் குழலை ஒரு பக்கம் நெருக்கும், குண்டு விலகிப் போகும். இரும்பிலும் துருப் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும். நாய் வளர்ப்பது போலத்தான், சும்மா விட முடியாது என்றார்.

"கேட்டியே?" என்றார் விஜயரத்தினம். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை எண்டால் சரிவராது தம்பி. இது இங்கிலாந்து. மழைக்கை நிண்டு மான் பாக்கப்போறவனுக்கு என்னத்துக்கு வடிவு? மான் உன்ர துவக்கின்ர வடிவைப் பாத்தே வந்து விழப்போகுது?"

"நான் துடைப்பன் அண்ணை."

"நீ? கார் கழுவிறது பாவமெண்டு மண்ணிறத்தில கார் வாங்கினவன் நீ!"

புவனேந்திரன் துவக்கைக் கீழே வைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தாங்குமா, உழைக்குமா, நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டே வாங்கியாயிற்று. ஒரேயொரு பொருள், ஒரேயொரு தடவை, பார்க்கப் பிடித்திருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் வாங்கினால் என்ன? அவருக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது. வெட்கப்படுகிற அளவுக்கு வேண்டியிருந்தது.

அதோடு, சிவமலர் பிரச்சினைக்கும் இதுதான் மருந்து என்று அவர் கண்டுபிடித்தார். அந்த வருடம் தொலைக்காட்சியில் ஊர்ச் செய்தி வந்தாலே சிவமலர் எழும்பிப் போய்விடுவார். திரையில் வரும் ஆமிக்காரர் கையில் எல்லாம் கறுப்புத் துவக்கு. அப்படிப்பட்டவருக்கு இந்தப் பிளாஸ்ரிக்கைக் காட்டினால் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். மரம் என்றால் தளபாடம் மாதிரி. வீட்டில் இருக்கிற தேக்கு மேசையைக் கிழமைக்கு இரண்டுதரம் துடைக்கிற மனுசி; இந்த ரேகையைக் கண்டால் மனம் இளகாமல் இருக்குமா? பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகவே அவர் நினைத்தார். இரண்டையும் ஒரு கிழமைக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் மரத்தின் பெருமைதான். வால்நட் எத்தனை வருடத்தில் முற்றும், எண்ணெய் ஊறினால் எப்படி நிறம் ஏறும் என்று சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் நடந்தது.

"அப்பா, are you buying a gun or a wardrobe?" என்று பிரியந்தி கேட்டாள்.

சிவமலர், "பாப்பம்," என்றார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை கடையைப் பொடியன்களிடம் விட்டுவிட்டு இருவரும் புறப்பட்டார்கள். சிவமலர் நல்ல சேலை கட்டி, போத்தலில் தேத்தண்ணீரும் றோல்ஸ் ஒரு பெட்டியும் எடுத்துக்கொண்டார். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது. வழியில் நன்றாகத்தான் கதைத்துக்கொண்டு வந்தார். கடைக்குள் நுழைந்து நரித்தலையைக் கண்டதும், "உது என்னப்பா, உங்கட விஜயரத்தினம் அண்ணையின்ர முகம் மாதிரியெல்லோ கிடக்கு," என்றுகூடச் சொன்னார். புவனேந்திரன் சத்தமாகச் சிரித்தார். காரியம் பழம் என்று மனத்துக்குள் எழுதிவிட்டார்.

கிழவர் வால்நட் துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

சிவமலர் பேச்சை நிறுத்தினார். புவனேந்திரன் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டார். "பாத்தீரே?" என்றார். "நான் சொன்னனான்தானே. இந்த ரேகையைப் பாரும். இது வரைஞ்சதில்லை, மரத்தில தானாய் ஓடுறது." சிவமலர் ஓரடி பின்னால் போனார். பின்னால் தொங்கிய வேட்டைக் கோட்டுகளில் முதுகு முட்டியது. "பயப்பிடாதையும், குண்டு இல்லை. தொட்டுப் பாரும், பட்டு மாதிரி." அவர் துவக்கைத் தூக்கி, சோங்குப் பக்கத்தை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சிவமலர் வெளியே போய்விட்டார். கதவு மணி கிணுகிணுத்தது. கிழவர் குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

வானுக்குள் சிவமலர் முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அழவில்லை. புவனேந்திரன் ஏறி உட்கார்ந்தார். தேத்தண்ணீர் வேணுமா என்று கேட்டார்.

"எண்பத்தேழில எங்கட வீட்டுக்கு ஆமி வந்தது," என்றார் சிவமலர்.

"ஓம், சொன்னனீர். செக்கிங்."

"செக்கிங் எண்டு மட்டும்தான் சொன்னனான்." கைப்பையின் வாரைச் சுருட்டினார், விரித்தார். "எல்லாரையும் முத்தத்தில முழங்காலில இருத்தினவங்கள். தலையில கை. ஒருத்தன் துவக்கைக் கிணத்துக்கட்டோட சாத்தி வச்சிட்டுத் தண்ணி குடிச்சவன். சோங்கு என்ர முகத்துக்கு நேர. நல்லா எண்ணெய் போட்டு மினுக்கி வச்சிருந்தவன். நிமிர்ந்து பாத்தால் அடிப்பாங்கள், அதால நான் அந்த மரத்தையே பாத்துக்கொண்டு இருந்தன். ரேகை எல்லாம் எண்ணலாம். அப்பிடியே இதே நிறம். பிறகு அவன் தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டு அதைத் தூக்கி அண்ணையின்ர காதடியில அடிச்சவன்."

அந்த அண்ணை, கனடாவில் இருக்கும் மைத்துனர், போனில் எப்போதும், "பொறு, மற்றக் காதுக்கு மாத்திறன்," என்பார். பெரிய மனுசன், எங்களுக்கெல்லாம் ஒரு காதுதான் தருவார் என்று புவனேந்திரன் பதினெட்டு வருடமாகப் பகிடி பண்ணியிருக்கிறார். சிவமலரின் முன்னாலேயே பண்ணியிருக்கிறார். சிவமலரும் சிரித்திருக்கிறார்.

எண்பத்தேழில் அவர் நோர்வேயில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ட யுத்தம் எல்லாம் தொலைக்காட்சியில் கண்ட யுத்தம். துவக்கு கறுப்பு, மரம் தளபாடம் என்று நினைக்க அவருக்கு வசதி இருந்தது. கூடப் படுத்தெழும்புகிற மனுசி எதைக் கண்டு பயப்படுவாள் என்று தனக்குத் தெரியும் என்ற திமிரில், அதே சோங்கைத் தூக்கி முகத்துக்கு நேரே நீட்டியும்விட்டார். அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. நானும் மறந்திட்டன் எண்டுதான் நினைச்சன்."

புவனேந்திரன் வானின் திறப்பைத் திருப்பினார். "வாரும், வீட்டை போவம். துவக்கும் வேண்டாம், மானும் வேண்டாம்."

"நிப்பாட்டுங்கோ," என்றார் சிவமலர். "மூண்டு மாசமாய் மான் மான் எண்டு நித்திரையிலயும் பிசத்தினது ஆர்? பதினாலு வீட்டுக்குப் பங்கு வேற எழுதிக் கிடக்கு. இன்னொண்டு இருக்கெண்டனியள்தானே?"

"அது பிளாஸ்ரிக். வடிவில்லை. உமக்கு இன்னும் பயமாயிருக்கும்."

"அதை நான் பாத்துச் சொல்லுறன். நீங்கள் எனக்காக யோசிச்சது போதும்."

கிழவர் வால்நட் துவக்கை ஏற்கனவே உள்ளே எடுத்து வைத்திருந்தார். அனுபவசாலி. கறுப்பை மேசையில் வைத்தார். புவனேந்திரன் ஓரமாக நின்றார். சிவமலர் கிட்டப் போய், சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிளாஸ்ரிக்கை நகத்தால் தட்டினார். குழலை ஒரு விரலால் தொட்டார்.

"இதென்னப்பா, புட்டுக்குழல் மாதிரிக் கிடக்கு."

"ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். மழைக்கு ஒண்டும் ஆகாது."

"இதை வாங்குங்கோ," என்றார் சிவமலர். "இது எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

அந்த நிமிடமே வால்நட் மேலிருந்த ஆசை போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். போகவில்லை. கிழவர் பத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது, சோங்கின் ஒரு முனை தெரிந்தது, புவனேந்திரன் பார்த்தார். இவ்வளவு கேட்ட பிறகும் அது வடிவாகத்தான் இருந்தது. அது அவருக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

லண்டன் திரும்பியதும் மற்றப் பாடு தொடங்கியது. ஒரு கிழமை முழுக்க வடிவு, ரேகை, தேன்நிறம் என்று கடையில் நின்று பாடிய மனிதர் கடைசியில் பிளாஸ்ரிக்கோடு வந்து இறங்கினால் சனம் சும்மா விடுமா? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆட்டுக்கால் வாங்க வந்தவர்கள் எல்லாம், "என்ன அண்ணை, புட்டு அவியுதோ?" என்று கேட்டார்கள். புட்டுக்குழல் என்ற பெயர் எப்படியோ வெளியே வந்துவிட்டது. பிரியந்தியைத்தான் சந்தேகப்பட வேண்டும். புவனேந்திரன் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

"மழை. இங்கத்தை மழைக்கு மரம் சரிவராது."

அந்தச் செப்டம்பரில் மழையே பெய்யவில்லை. நாளும் பொழுதும் வெயில். டெனிஸின் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உழமுடியவில்லை என்று அவர் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வேலியோரம் படுத்திருந்த புவனேந்திரனின் காற்சட்டையில் பனிகூடப் படவில்லை. அந்த அழகான மரத்தை ஏன் விட்டாய் என்று டெனிஸ் கேட்டதற்கு, மழைக்காக என்றார். டெனிஸ் மேலே பார்த்தார், இவரைப் பார்த்தார். மூன்றாம் முறை போனபோது புள்ளிமான் ஒன்று விழுந்தது. ஒரே குண்டு.

பதினாலு பங்கும் போய், விஜயரத்தினத்தின் தொடைப்பங்கை மட்டும் சிவமலர் வீட்டிலேயே சமைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு. பின்கதவு திறந்து கிடந்தது. முற்றத்தில் கண்ணைக் கூசுகிற வெயில். விஜயரத்தினம் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"நல்ல இறைச்சி. ஆனால் தம்பி, உண்மையைச் சொல்லு. நான் அண்டைக்குத் தலைகீழாய் நிண்டு சொன்னனான், கேக்கேல்லை. அந்த மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. பிறகு எப்பிடி மாறினனீ?"

"மழை அண்ணை," என்றார் புவனேந்திரன் தட்டைப் பார்த்துக்கொண்டு. "மரம் ஊதும். குழலை நெருக்கும். குண்டு விலகும்."

"அதை உனக்குச் சொன்னதே நானடா!" விஜயரத்தினம் கறிக்கையால் பின்கதவைக் காட்டினார். "நாலு கிழமையாய் ஒரு துளி இல்லை. உந்தப் புட்டுக்குழலைத் தூக்கிக்கொண்டு திரியிறாய். வடிவும் போச்சு, மழையும் இல்லை. எங்கயடாப்பா உன்ர மழை?"

உண்மையான காரணத்தைப் புவனேந்திரன் சாகும்வரை இந்த மேசையில் சொல்லப்போவதில்லை.

சிவமலர் கறிச்சட்டியோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். கணவருடைய தட்டில் ஒரு அகப்பை கறி போட்டார். அவர் போதும் என்று கையை மறித்தார். கையை விலக்கிவிட்டு இன்னொரு அகப்பை போட்டார்.

"வரும் அண்ணை," என்றார் விஜயரத்தினத்திடம். "இது லண்டன்தானே, மழை வராமல் எங்க போகும்? நீங்கள் சாப்பிடுங்கோ."